குகைநாதர் மலைக் கதவு

குகைநாதர் மலையின் அடிவாரக் கதவு, ஏற வருபவர் கையில் கட்டிய நாடிப் பட்டையைப் படித்துப் பார்க்கும். இதயம் ஏற்றத்தைத் தாங்கும் என்றால் பச்சை விளக்கு, தாங்காது என்றால் சிவப்பு. ராசப்பனுக்கு மூன்று வருடமாகச் சிவப்புதான். நோய் தீர வேண்டுமென்று வந்தவரை நோயைக் காட்டியே திருப்பி அனுப்புகிறதே என்று அவர் மனைவி பாவாத்தாள் அந்தக் கதவைத் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் அடுத்த வருடமாவது திறக்கட்டும் என்று, அதன் காலடியிலேயே தேங்காயை உடைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவாள்.

இந்த வருடம் பச்சை எரிந்தது.

"பாத்தியா புள்ள, சாமி கூப்புட்டுருச்சு!"

ராசப்பன் மூங்கில் தடியை ஊன்றிக் கதவைத் தாண்டினார். இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளையின் முகமாக இருந்தது.

பாவாத்தாள் காவலுக்கு நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க அம்மணி, அவருக்குக் கொணமாயிருச்சுங்களா?"

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். "இல்லீங்க்கா. இனி வைத்தியமே இல்லைன்னு ஆஸ்பத்திரில கைவிட்டவங்களத் தடுக்கக் கூடாதுன்னு இந்த வருசம் உத்தரவு. அந்தப் பட்டியல்ல அவரு பேரு நேத்துத்தான் வந்துச்சுங்க."

மேலேயிருந்து ராசப்பன் கத்தினார். "தேங்காயப் பத்தரமாக் கொண்டா புள்ள! இந்தத் தடவ குகையில போயி உடைக்கோணும்!"

பாவாத்தாள் பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். "செவப்பக் காட்டிரு சாமி" என்று கதவைக் கும்பிட்டு, அதன் காலடியிலேயே ஓங்கி உடைத்தாள்.