இருபத்தாறு பேர்

“நல்லா கத்திப் பாடச் சொல்லு ரோசம்மா, கேட் வரைக்கும் கேக்கணும்” என்றாள் தலைமையாசிரியை மரிய சுகந்தி. வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கையில் ஃபைலோடு ஒருவர் இறங்கினார்.

வில்லியனூரை ஒட்டிய கிராமத்து அரசு ஆரம்பப் பள்ளி அது. பிள்ளைகள் ஒன்பது பேர். பத்துப் பேராவது இல்லையென்றால் மூடிவிட்டு, நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். தலையெண்ண இன்று அதிகாரி வருவதாக நேற்றே தகவல் வந்திருந்தது.

சனிக்கிழமை. அரசுப் பள்ளிக்கு வேலை நாள், தனியார் பள்ளிகளுக்கு லீவு. பள்ளியில் பால் காய்ச்சிக் கொடுக்கும் ரோசம்மாள் வீடு வீடாகப் போய், தினமும் வேனில் டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளில் பதினேழு பேரை பிஸ்கட் ஆசை காட்டி அழைத்து வந்திருந்தாள்.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம்.

“மேடம், நான் வந்தது...”

“தெரியும் சார். மொதல்ல கிளாஸப் பாத்துடுங்க.”

கதவைத் திறந்ததும் இருபத்தாறு குரல்கள் “வணக்கம் ஐயா!” என்று வீறிட்டன. அவர் ஓரடி பின்வாங்கி, ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வாசல் புங்கமரத்தடியில் நின்ற அவர் பைக்கின் மேல் ஒரு சின்னப் பெண் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் மகளாக இருக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை போலிருக்கிறது என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள்.

“எத்தன பேர் மேடம்?”

“இருபத்தாறு சார்.”

“ஒம்போது பேர்தான்னு சொன்னாங்க.”

“எவன் சார் சொன்னது? பிரைவேட்காரன் கெளப்பி வுட்டிருப்பான்.”

“டீச்சர், பிஸ்கட் எப்போ?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “வாய மூடுறா” என்று ரோசம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள்.

“எப்பவும் இவ்ளோ சத்தமா இருக்குமா?”

“இன்னிக்குக் கம்மி சார்! அடுத்த மாசம் நாப்பது ஆயிடும்.”

“உக்கார எடம் பத்தல சார்” என்று ரோசம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

அவர் தலையாட்டினார். வருகைப் பதிவேட்டைக் கேட்கவில்லை. ஒரு பிள்ளையிடமும் வாய்ப்பாடு கேட்கவில்லை. ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

“சரிங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

சுகந்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. கேட் வரை பின்னாலேயே ஓடினாள். அவர் பெண்ணை முன்னால் உட்கார வைத்து, பைக்கை ஸ்டார்ட் செய்திருந்தார்.

“சார், ரிப்போர்ட்ட நல்லபடியா எழுதுவீங்கல்ல?”

“இன்னா ரிப்போர்ட்?” அவர் மகளின் தலையைத் தடவினார். “இவங்க அம்மா போயி நாலு மாசமாவுது. அதுலேர்ந்து கூட்டத்தக் கண்டாலே புள்ள நடுங்குது.”

கிளட்சை விட்டார்.

“ஒம்போது பேர்தான்னாங்க, இவள சேக்க வந்தேன்.”