படிக்கத் தெரியாதவள்

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

சொல்லிவிட்டு, செய்தித்தாளைப் பிரித்தது பிரித்தபடியே மேஜைமேல் வைத்துவிட்டாள் வக்கீலின் மனைவி.

வக்கீலுக்குக் காது மடல்வரை சுட்டது.

பின்னாளில் நாடே தலைவர் என்று கூப்பிட்ட மனிதர்தான். அப்போது வெறும் இளம் வக்கீல். கோர்ட்டில் வாதாடியதைவிட மேடையில் பேசியதுதான் அதிகம். அந்நிய ஆட்சி போகணும், பெண்கள் படிக்கணும், இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

அவருடைய சங்கம் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் திறக்க இருந்தது. முதல் டீச்சராக யாரைப் போடுவது என்ற கேள்வி வந்ததும், “என் மனைவி இருக்காளே, நானே சொல்லிக்கொடுத்திருக்கேன்” என்று மார்தட்டியவர் அவர்தான்.

அதை நேரில் பார்க்கத்தான் சங்கத்துத் தலைவரான ஓய்வுபெற்ற ஜட்ஜும், டாக்டரம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

பாடப் புத்தகத்தை எங்கே பிரித்துக் கொடுத்தாலும் அவள் கடகடவென்று வாசித்தாள்.

“புருஷன் பக்கத்துல உட்கார்ந்து உருப்போட வச்சதா இருக்குமோ?” என்று ஜட்ஜ் சிரித்தார்.

டாக்டரம்மா, மேஜையில் யாரும் தொடாமல் கிடந்த அன்றைய செய்தித்தாளைப் பிரித்து, கண்ணில் பட்ட ஒரு பக்கத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். உதடு ஒருதரம் அசைந்து அடங்கியது. வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார்.

அப்புறம்தான் அப்படிச் சொன்னாள்.

வந்தவர்கள் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. “பரவாயில்லப்பா, வேற யாரையாவது பார்த்துக்கலாம்” என்று ஜட்ஜ் தோளைத் தட்டியதுதான் அவரை இன்னும் குறுக வைத்தது. வழியனுப்பி, வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

அவள் சமையலறையில் விருந்தாளிகள் குடித்த கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என் மானத்தை வாங்கிட்டியே. இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் படிச்சவதானே நீ?”

அவள் அடுத்த கப்பை எடுத்தாள்.

மேஜையில் கிடந்த செய்தித்தாளை வெடுக்கென்று எடுத்தார். இதில் அப்படியென்ன கம்பசூத்திரம் இருக்கிறது? அவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே வாசிக்க ஆரம்பித்தார்.

முந்தின நாள் பொதுக்கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு. ஒன்றுவிடாமல் போட்டிருந்தார்கள். அவ்வளவு கோபத்திலும் குரலில் தானாக ஒரு மிடுக்கு ஏறியது. தேசம், விடுதலை, தாய்க்குலம் என்று மேடையில் போலவே ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டு போனார்.

“‘இதற்கு என் வீட்டையே உதாரணமாகச் சொல்வேன். நான் கைப்பிடித்தபோது என் மனைவி…’”

குரல் நின்றுவிட்டது.

கூட்டத்தைச் சிரிக்க வைக்க வாய்க்கு வந்ததைச் சொன்னது. அச்சேறி வீட்டுக்குள்ளேயே வரும் என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்த வரி கண்ணுக்கு நேரே இருந்தது. வாய்தான் வரவில்லை.

அவள் கப்பைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பிப் பார்க்காமல், ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள்.

“‘…தொழுவத்தில் கட்டிய மாடாக இருந்தாள். அவளை மனுஷியாக்கியவன் நான்.’ அதுக்கப்புறம் அடைப்புக்குறிக்குள்ள ‘கரகோஷம்’னு போட்டிருக்கு.”