பசியடக்கும் மாத்திரை

காலையிலிருந்து இருபது பேரை எடை பார்த்து அலுத்துப்போயிருந்த ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ், கடைசியாக மெஷினில் ஏறிய பள்ளி ஆசிரியையின் எடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பசியை அடக்கும் இலைச்சாற்று மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிட்ட எல்லோரும் இளைத்திருக்க, இந்த அம்மா மட்டும் மூன்று கிலோ கூடியிருந்தாள்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. மாத்திரையைக் குப்பையில போடறீங்களா?"

"இல்லம்மா. வேளை தவறாம போடறேன். பசிங்கிறதே மறந்துபோச்சு."

"அப்புறம் காத்தைக் குடிச்சா எடை ஏறுது?"

"சாப்பிட்டுத்தான். ஒரு நாளைக்கு ஆறு வேளை."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "பசியில்லாம யாராவது ஆறு வேளை சாப்பிடுவாங்களா?"

ஆசிரியை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்காரருக்குத் தலையில அடிபட்டதுலேருந்து சாப்பிடறது எப்படின்னே மறந்துபோச்சு. எதிர்ல உட்கார்ந்து நான் ஒரு வாய் மென்னு முழுங்கினா, அதைப் பார்த்து அவரும் ஒரு வாய் முழுங்குவார். நான் நிறுத்தினா அவரும் நிறுத்திடுவார்."

நர்ஸ் அவளுடைய சேர்க்கைப் படிவத்தைப் புரட்டினாள். "அப்ப இந்த மாத்திரை ஆராய்ச்சியில ஏம்மா சேர்ந்தீங்க?"

"அவரைத் தூக்கி உட்கார வைக்க முட்டி தாங்கலை. கொஞ்சம் இளைச்சா தேவலைன்னு வந்தேன். இப்ப பசியே இல்லாம, அவருக்காக ஒவ்வொரு வாயும் தள்ளித் தள்ளி முழுங்க வேண்டியிருக்கு."

நர்ஸ் மாத்திரை டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டாள்.

வாசல் வரை போன ஆசிரியை திரும்பிப் பார்த்தாள்.

"பசியைக் கிளப்புற இலை ஏதாவது இருக்காம்மா? அவருக்கு இல்ல, எனக்கு."