நுனி தொங்கக் கூடாது

ரவுட்டரின் ப்ராசஸர் மறுபடியும் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

ஃபாக்டரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கவனிப்பவள் ஷர்மிளா. இப்போதுதான் அணைத்துப் போட்டாள். பாழாய்ப்போன பெட்டி, கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாய் இருந்துவிட்டு மறுபடி திணற ஆரம்பித்துவிட்டது.

ஆம்பூரின் அந்த ஷூ ஃபாக்டரியில் ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. ஏற்றுமதிக் காகிதங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டு கிடந்தன. கேட்டில் கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு நின்றது. சாயங்காலத்துக்குள் அது சென்னைத் துறைமுகம் சேராவிட்டால் கப்பல் போய்விடும்.

மேனேஜர் ஜியாவுல்லா முன்பே வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். "எவன் கை வெச்சானோ அவனுக்கு இன்னியோட சீட்டு கிழிஞ்சுது. காலைல ஒயர் பக்கம் போனது யாரும்மா?"

பயத்தில் அவள் வாய் முந்திக்கொண்டது. "ஜான் பாஷா பாய் சார். சாம்பிள் ரூம்ல டியூப்லைட் மாத்தினாரு."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? எலக்ட்ரீஷியன் ஜான் பாஷா இப்போது டூல்ஸ் பையோடு கேட் ஓரம் உட்கார்ந்திருந்தார். காரணம் தெரிகிறவரை உள்ளே வரக் கூடாதாம். மனுஷன் போன மாதம்தான் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றின் முடிச்சை அவள் விரல் தானாக உருட்டிக்கொண்டிருந்தது. காலையில் அறுந்துபோன கயிறு. வீட்டில் முடிச்சுப் போட்டுக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ரவுட்டருக்கு வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சதவீத எண்ணைப் பார்த்தாள். அக்கவுன்ட்ஸ். அசையவில்லை. ஸ்டோர்ஸ். ம்ஹூம். கட்டிங் செக்ஷன். அதுவும் இல்லை.

சாம்பிள் ரூம் ஒயரைப் பிடுங்கியதும் எண் சடசடவென்று இறங்கி ஏழில் வந்து நின்றது.

சாம்பிள் ரூமா! அப்படியானால் பாய்தானா? அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

படியில் தடதடவென்று ஓடி இறங்கினாள்.

சாம்பிள் ரூம் மேஜைமேல், மறுநாள் வரப்போகும் ஜெர்மன்காரர்களுக்காகப் புது ஷூக்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் காலையில்தான் லேஸ் லைனிலிருந்து வந்து லேஸ் கோத்திருந்தார்கள். மேஜைக்கு அடியில், அந்த அறையின் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டி. விருந்தாளிகளின் லேப்டாப்புக்காக அதில் ஒரு நீல ஒயரைச் செருகி, மறு நுனியை நேற்று அவளே தொங்கவிட்டிருந்தாள்.

இப்போது அது தொங்கவில்லை. அந்த நுனியும் அதே பெட்டியின் காலி ஓட்டையில் செருகியிருந்தது. உள்ளே வந்த செய்தியெல்லாம் சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்தமும் ரவுட்டர் தலையில் விழுந்திருக்கிறது.

எந்த எலக்ட்ரீஷியனும் இப்படிச் செய்யமாட்டான். இது லேஸ் கோக்கிற கை. இரண்டு நுனியும் ஓட்டைக்குள் போக வேண்டும், நுனி தொங்கினால் அந்த ஜோடி ரிஜெக்ட். லேஸ் லைனில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான்.

மிச்ச ஒயரை மடித்து முடிச்சும் போட்டிருந்தது. இரட்டைச் சுற்று, இடப்பக்கம் சின்னதாய் ஒரு கண்ணி.

ஷர்மிளாவின் கை கழுத்துக்குப் போனது. அட்டைக் கயிற்றிலும் அதே இரட்டைச் சுற்று. அதே கண்ணி.

ஐயோ, கடவுளே.

நுனியைப் பிடுங்கினாள். ஒயர் பழுது என்று சொல்லிவிட்டால்? ஆனால் எந்தப் பழுதென்றாலும் பழி பாய் தலையில்தான் விழும். அவர் பெயரை எடுத்துக் கொடுத்ததே அவள்தானே.

சுவரில் இன்டர்காம் அலறியது. ஜியாவுல்லா.

"எல்லாம் ஓடுதும்மா! அப்போ பாய்தானே? அனுப்பிடவா?"

"பாய் இல்ல சார். அவர உள்ள கூப்புடுங்க." ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். "லேஸ் லைன் அமிர்தவள்ளி."

"அது யாரும்மா?"

அழுகை வந்துவிட்டது. கழுத்து முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா சார்."