வியாழக்கிழமை மாடிக் கூட்டம்

"டேய், உன் பொண்டாட்டி குடிக்கிறாளா?"

லிஃப்ட் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், போனில் அக்கா இப்படிக் கேட்டதும் ஆடிப்போய்விட்டான்.

"என்னக்கா உளர்றே?"

"நான் ஏன்டா உளர்றேன்? எங்க லைப்ரரி மாடியில வியாழக்கிழமை சாயங்காலம் குடியை நிறுத்தறவங்க கூட்டம் நடக்குது. ஆறு வாரமா அவ வந்துட்டுப் போறா. கதவுலயே போர்டு தொங்குது, 'குடிப்பழக்கம் உள்ளவர்கள் மட்டும்'னு. அவளுக்கு அங்க என்ன வேலை?"

அக்கா நூலகத்தில் புத்தகம் பதிவு செய்யும் மேஜையில் இருப்பவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு யாரும் அந்தப் படியில் ஏற முடியாது.

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. பொம்பளை குடிப்பதா? அதுவும் அவன் வீட்டில்?

அவன் குடிப்பது வேறு விஷயமாம். நாள் பூராவும் உழைக்கிறவன், உடம்பு வலிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "ஒரே ஒரு தடவை போய்ப் பாருங்க" என்று மனைவி இதே கூட்டத்தின் நோட்டீஸை நீட்டியபோது, "எனக்கென்ன வியாதியா?" என்று கிழித்துப் போட்டவன்தான்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்தியது. கொஞ்ச நாளாக அவள் சண்டையே போடுவதில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே தட்டோடு நிற்கிறாள். "முதல்ல வயித்துக்குப் போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறாள். பண்ணுகிற தப்பை மறைக்கத்தான் இத்தனை உபசாரமா?

வியாழக்கிழமை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, நூலக மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே வட்டமாக நாற்காலிகள். நடுவில் எழுந்து நின்றிருந்தாள் அவன் மனைவி.

"நான் குடிக்கிறவ" என்றாள்.

கதவை உதைக்கத் தூக்கிய கால் அப்படியே நின்றது.

"போன மாசம் ஒரு நாள் பொண்ணை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர்றதா சொல்லிட்டுப் போனேன். வழியில உக்காந்து குடிச்சேன். அவளை மறந்தே போயிட்டேன். ஆறரை மணி வரைக்கும் கேட்ல தனியா நின்னிருக்கா."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அவன் செய்த காரியமல்லவா?

"வாட்ச்மேன் கேட்டதுக்கு, 'வீட்ல உடம்பு சரியில்லை அங்கிள், அதான் லேட்டு'ன்னு சொல்லியிருக்கா. எட்டு வயசுதான். எனக்காகப் பொய் சொல்லப் பழகிட்டா."

இது அவனுக்குத் தெரியாது. மகள் அவனிடம் சொல்லவே இல்லை.

"பாவம்மா அந்தக் குழந்தை" என்றார் ஒரு தாடிக்காரர். எல்லார் கண்ணும் அவள் மேல்தான் இருந்தது. அவன் பழியைச் சுமந்துகொண்டு அவள் தலைகுனிந்து நின்றாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"இவளை யாரும் அப்படிப் பாக்காதீங்க! இவ வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கறவ. குடிக்கிறவன் நான். குழந்தையை நிக்க வெச்சவனும் நான்தான்!"

தாடிக்காரர் கைதட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டத்தை நடத்தும் பல் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதைச் சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நீங்க வாசப்படியிலேயே சொல்லிட்டீங்க. உட்காருங்க."

உட்கார்ந்துவிட்டான்.

மனைவி பையை எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க டாக்டர். இவர் வரமாட்டேன்னுட்டார். நீங்க சொல்றதை நானாவது கேட்டுட்டுப் போய் வீட்ல செஞ்சு பாக்கலாம்னு வந்தேன். பசி வேளையிலதான் குடி இழுக்கும், முதல்ல சாப்பாடு போடணும்னு நீங்க சொன்னீங்களே, அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன். உள்ள விடணுமேன்னு பொய் சொல்லிட்டேன். நான் கிளம்பறேன்."

"எங்க கிளம்பறீங்க? நீங்க குடிக்கிறவங்க இல்லேன்னு முதல் நாளே எங்களுக்குத் தெரியும். ஆறு வாரமா உங்க பக்கத்துல ஒரு நாற்காலியைக் காலியா போட்டு வெச்சது யாருக்காகன்னு நினைச்சீங்க?"

அவள் பையை மறுபடி கீழே வைத்தாள். "எப்படி டாக்டர் தெரியும்?"

டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அசடு வழியச் சிரித்தார்கள்.

"நாங்க எல்லாருமே முதல் நாள் வந்தப்போ, 'எனக்குப் பழக்கமே இல்லைங்க, வேற ஒருத்தருக்காக விசாரிக்க வந்தேன்'னுதாம்மா சொன்னோம். கேக்கறதுக்கு முன்னாடியே 'நான் குடிக்கிறவ'ன்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்தது நீங்க ஒருத்தர்தான்!"