எலும்பு விழுந்த பக்கம்

எலும்பு உருண்டு கரும்பலகைக்குக் கீழே நின்றபோது ஆசிரியை சல்தனத் குனிந்து பார்த்தாள்.

குழிந்த பக்கம் மேலே இருந்தது. சிக்.

வரக் கூடாத பக்கம் அது.

பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளியைச் சோதிக்க நாரின் நகரிலிருந்து வந்த ஆணையம். நடுவில் இருந்த பெண்மணி போட்டிருந்த கோட்டைக் கூடக் கழற்றவில்லை. அவர் எழுதப்போகும் இரண்டு வரியில்தான் எல்லாம் இருந்தது. இந்த எட்டாம் வகுப்பு சல்தனத்திடம் இருக்குமா, இல்லை பறிபோய் மேசைகள் மறுபடி ஒன்றன்பின் ஒன்றாக வரிசைக்குப் போகுமா.

பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று குழுக்கள். பாடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு. தன் பங்கைப் படித்து மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். பிறகு சல்தனத் ஆட்டின் கணுக்கால் எலும்பை வீசுவாள். எலும்புக்கு நான்கு பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்; குழுவுக்கு நான்கு பேர். எந்தப் பக்கம் மேலே வருகிறதோ, அந்தப் பக்கத்துக்குரிய பிள்ளை எழுந்து மொத்தப் பதிலையும் சொல்ல வேண்டும். கூட இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. அந்த ஒருவர் வாங்கும் மதிப்பெண்தான் நால்வருக்கும்.

வேலை முடிந்ததும் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். தராத குழுவுக்கு மதிப்பெண் கிடையாது.

ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அல்ச்சி என்ற பக்கம். மந்தமான பிள்ளைக்குச் சிக். அப்படிப் பிரித்தது அவள்தான். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

ஆணையம் வரும் நாளில் மந்தமான பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான்.

"அந்த பெகாயிமை வீட்டுலயே இருக்கச் சொல்லிடும்மா," என்று பத்து நாளைக்கு முன்பே சொல்லியிருந்தார் தலைமையாசிரியர் ஷர்ஷென். "செப்டம்பர்ல பள்ளி தொறந்ததுலேர்ந்து வாயே தொறக்காத பொண்ணு. வந்தவங்க முன்னாடி மட்டும் தொறந்துடப் போகுதாக்கும்."

"முடியாதுண்ணே," என்றாள் சல்தனத்.

அவர் சிரித்துக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஓர் எலும்பை எடுத்து அவள் கையில் வைத்தார். கனமாக இருந்தது. துளையிட்டு உள்ளே ஈயம் ஊற்றியிருந்தது. சின்ன வயதில் தெருப் பையன்கள் அத்தனை பேரையும் ஜெயித்த எலும்பாம். எப்படி வீசினாலும் அல்ச்சி.

அதற்கு அவள் முடியாது என்று சொல்லவில்லை.

போன வாரம் ஒத்திகையில் ஐந்து முறை வீசினாள். ஐந்து முறையும் அல்ச்சி. யாரும் எதுவும் கேட்கவில்லை. பெகாயிம் மட்டும் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில் அதைச் சாக்பீஸ் பெட்டியில் போட்டு வைத்ததும் சல்தனத்தான். இப்போது எடுத்து வீசியபோதும் அதே கனம்தான்.

"சிக் தானே?" கோட்டுப் பெண்மணி எழுந்து எட்டிப் பார்த்தார். "ஜன்னலோரக் குழு சொல்லட்டும்."

ஜன்னலோரக் குழுவின் சிக், பெகாயிம்.

கேள்வி பலகையில் இருந்தது: மேய்ச்சல் மலையில் கறி வேக ஏன் இவ்வளவு நேரமாகிறது?

பெகாயிம் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

பலகையைப் பார்த்தபடி நின்றாள்.

கதவருகே நின்ற ஷர்ஷென் கண்ணாலேயே சல்தனத்தைத் திட்டினார். பெகாயிமின் குழுவில் யாரும் அசையவில்லை. குபாத் துணி சுற்றிய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐசிரெக் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்திருந்தாள். எமில் கண்ணை மூடிவிட்டான்.

"போச்சு, நாலு பேரும் காலி," என்றது அடுத்த குழுவிலிருந்து ஒரு குரல்.

கோட்டுப் பெண்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வேற யாரையாவது..."

"மேல," என்றாள் பெகாயிம்.

தடித்த குரல். வகுப்பில் அதை யாரும் கேட்டதில்லை.

"மேல போகப் போகக் காத்து கம்மி. தண்ணிய அமுக்க ஆளில்ல. சீக்கிரமே கொதிச்சிடும். ஆனா சூடு ஏறாது. கறி சும்மா கெடக்கும்." மூச்சு வாங்கினாள். "எங்க சித்தி மூடி மேல கல்லு வெப்பாங்க. ஆவி வெளிய போவாது. அப்பத்தான் வேகும்."

"எவ்ளோ பெரிய கல்லு?" என்றார் கோட்டுப் பெண்மணி.

பெகாயிம் இரண்டு கைகளாலும் அளவு காட்டினாள்.

அவர் எழுதினார். இரண்டு வரியைத் தாண்டியும் எழுதினார். மணி அடித்தது.

"பொழச்சோம்," என்றார் ஷர்ஷென், விருந்தினர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகும் அவசரத்தில். "எலும்புக்கு வயசாயிடுச்சு போல."

வகுப்பு காலியானது. சல்தனத் குனிந்து எலும்பை எடுத்தாள். மேசைமேல் வீசினாள். சிக். மறுபடி வீசினாள். சிக். ஐந்தாவது முறையும் சிக்.

திருப்பிப் பார்த்தாள். துளை வேறு பக்கத்தில் இருந்தது. அதை அடைத்திருந்த மெழுகு இன்னும் பளபளத்தது.

சாக்பீஸ் பெட்டியைக் கவிழ்த்தாள். கட்டிகளுக்கு அடியிலிருந்து ஷர்ஷெனின் எலும்பு விழுந்தது. கட்டம் போட்ட நோட்டுத் தாளில் சுற்றியிருந்தது.

பிரித்தாள். யார் என்ன செய்தார்கள் என்று எப்போதும் அவள் கேட்கிற தாள்தான்.

எலும்பு: எமில்.

துளை: ஐசிரெக்.

ஈயம் உருக்கியது: குபாத்.

யோசனை: பெகாயிம்.