அண்ணனுக்கு ஒரு துண்டு கேக்

சக்கர நாற்காலியில் இருந்த அண்ணனின் தட்டிலிருந்து கேக்கைப் பிடுங்கினாள் தங்கை.

"அடிப்பாவி! பிள்ளையால நடக்கத்தான் முடியல, வாய்க்கு ருசியாவாவது சாப்பிடட்டுமே!" என்றாள் அம்மா.

"நரம்பை அரிக்கிற நோய் காலோட நிக்காதும்மா. சர்க்கரையை ஏத்தும், இதயத்தையும் கெடுக்கும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். அண்ணன் காலைப் பார்த்து அழுறியே, நெஞ்சை நினைச்சுப் பார்த்தியா?"

"வந்துட்டா பெரிய டாக்டர்!" அண்ணன் குழறலாகச் சிரித்தான்.

"கால் நல்லா இருக்கிற திமிருடி உனக்கு!" அம்மா கத்தினாள்.

தங்கை தட்டோடு சமையலறைப் பக்கம் நடந்தாள். அண்ணனின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"எப்பலேருந்துடி சுவரைப் பிடிச்சு நடக்குற?"

அவனுக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் திரும்பவில்லை.

"நாளைக்கு ரெண்டு பேருக்குமே ஈசிஜி எடுக்கச் சொல்லியிருக்கேன். அடம் பிடிக்காம கிளம்புண்ணா."